மழலையர் ஆசிரியர் பயிற்சி: சேலத்தில் சேருமுன் கேட்க வேண்டியவை

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு சேலத்தில் ஐந்து ரோடு, புது பஸ் ஸ்டாண்டு பக்கமெல்லாம் தட்டிகள் முளைத்துவிடும். டேலி, பியூட்டீஷியன், நர்சிங் உதவியாளர் என்று போகும் அந்த வரிசையில் ‘மாண்டிசோரி டீச்சர் ட்ரெய்னிங்’ என்றும் ஒன்று இருக்கும். ஆறு மாதம், ஒரு வருடம், இரண்டு வருடம் என்று காலம் இடத்துக்கு இடம் மாறும். ஃபீஸும் மாறும். ‘அரசு அங்கீகாரம் பெற்றது’ என்ற வரி மட்டும் மாறாது. யார் கொடுத்த அங்கீகாரம், எந்தப் படிப்புக்கு, அதை வைத்து எந்த வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்பதைத் தட்டியில் போடுவதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது சேருகிறவர் பொறுப்பு.

இதில் சேருபவர்கள் பெரும்பாலும் பெண்கள். பிளஸ் டூ முடித்து, மேலே கல்லூரிக்கு அனுப்ப வீட்டில் வசதியோ மனமோ இல்லாதவர்கள் ஒரு பக்கம். தங்கள் பிள்ளை எல்.கே.ஜி. போனதும் அதே பள்ளியில் வேலை கிடைக்குமா என்று பார்க்கும் தாய்மார்கள் இன்னொரு பக்கம். இரு தரப்புக்கும் கையில் இருக்கும் பணம் கொஞ்சம், நேரம் அதைவிடக் கொஞ்சம். அதனால் பணம் கட்டும் முன் இரண்டே விஷயங்களில் தெளிவு வேண்டும். ஒன்று, இந்தச் சான்றிதழ் எங்கே செல்லும். இரண்டாவது, பயிற்சிக் காலத்தில் உண்மையான குழந்தைகளோடு எத்தனை மணி நேரம் இருக்க விடுவார்கள், அப்போது பக்கத்தில் நின்று பார்த்துத் திருத்துபவர் யார். முதலாவதைப் பலரும் பாதியாவது விசாரிக்கிறார்கள். இரண்டாவதை ஏறக்குறைய யாருமே கேட்பதில்லை. நல்ல பயிற்சியையும் வெறும் சான்றிதழ் கடையையும் பிரிப்பது அந்த இரண்டாவதுதான்.

சான்றிதழ்களில் எது எது

ஆசிரியர் கல்விக்கான தேசிய அமைப்பு என்.சி.டி.இ. இது 1993-ம் ஆண்டுச் சட்டப்படி உருவானது. மழலையர் கல்விக்கென்று இதன் விதிமுறையில் உள்ள படிப்பு டி.பி.எஸ்.இ. எனப்படும் முன்பருவக் கல்விப் பட்டயம். காலம் இரண்டு வருடம். பிளஸ் டூவில் 50 சதவீத மதிப்பெண் வேண்டும். இதை நடத்தும் நிறுவனங்கள் குறைவு. இங்கே ஒரு தந்திரம் நடப்பதுண்டு. ஒரு வளாகத்தில் பி.எட். கல்லூரிக்கு என்.சி.டி.இ. ஆணை இருக்கும். அதே வளாகத்தின் மாடியில் நடக்கும் மாண்டிசோரி வகுப்புக்கும் அந்த ஆணையைத்தான் காட்டுவார்கள். அங்கீகாரம் கல்லூரிக்கு மொத்தமாகக் கொடுப்பதில்லை. படிப்பு வாரியாக, இத்தனை இடம் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது. ஆணையைக் கையில் வாங்கி, நீங்கள் சேரப்போகும் படிப்பின் பெயர் அதில் இருக்கிறதா என்று வாசியுங்கள்.

அடுத்தது டி.எல்.எட்., பழைய பெயரில் டி.டி.எட். சேலத்தில் உத்தமசோழபுரத்திலுள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் என்றாலே மக்கள் நினைவுக்கு வருவது இந்தப் படிப்புதான். இது ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரைக்குமான தொடக்கக் கல்விப் பட்டயம். ஆசிரியர் தகுதித் தேர்வின் (டெட்) முதல் தாளை எழுத இதைத்தான் கேட்பார்கள். மழலையர் பட்டயம் வைத்துக்கொண்டு அந்தத் தாளுக்கு விண்ணப்பிக்க முடியாது. ‘டீச்சர் ட்ரெய்னிங்தானே, எல்லாம் ஒன்றுதான்’ என்று சேர்ந்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து டெட் விண்ணப்பம் நிரப்பும்போது திகைப்பவர்கள் நிறைய. ஆசிரியர் படிப்புகள் ஒன்றுக்கொன்று மாற்று ஆகாது. பி.எட். முடித்தவர்கள்கூடத் தொடக்க வகுப்புகளுக்குத் தகுதி பெறமாட்டார்கள் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

மூன்றாவது, தொலைநிலைப் பட்டயங்கள். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவின் குழந்தைப் பராமரிப்பு மற்றும் கல்விப் பட்டயம் 32 கிரெடிட் கொண்டது. ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. ஆக, கணக்குப்படி 960 மணி நேரம் உழைக்க வேண்டிய படிப்பு இது, செயல்திட்டம் உட்பட. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் சமுதாயக் கல்லூரிகள் வழியாகத் தொழில் சார்ந்த பட்டயங்களை நடத்துகிறது. இவை பல்கலைக்கழகம் தரும் சான்றிதழ்கள் என்பதால் நம்பகமானவை. ஆனால் அஞ்சலில் வரும் புத்தகம் குழந்தையை மடியில் உட்கார வைக்காது. செயல்திட்டத்தை யாரிடமாவது எழுதி வாங்கிக் கொடுத்துவிட்டால் 960 மணி நேரமும் காகிதத்தோடு போய்விடும்.

நான்காவது மாண்டிசோரி. இந்தப் பெயரைப் பலகையில் யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், தடுக்க ஆளில்லை. இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி 1907-ல் ரோம் நகரத்தின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். 1939-ல் இந்தியாவுக்கு வந்து சென்னை அடையாறில்தான் தன் முதல் இந்தியப் பயிற்சி வகுப்பை நடத்தினார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் இருந்தார். அவர் 1929-ல் நிறுவிய ஏ.எம்.ஐ. என்ற சர்வதேச மாண்டிசோரி அமைப்பின் பயிற்சியில் ஒவ்வொரு கற்பித்தல் கருவிக்கும் கைப்பட எழுதிய ஆல்பம் (குறிப்பேடு), கண்காணிப்போடு கூடிய செய்முறை, வகுப்பறையில் உட்கார்ந்து கவனிக்கும் மணி நேரங்கள், எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு எல்லாம் உண்டு. அதற்கான செலவும் அதற்கேற்றாற்போல் இருக்கும். ஐந்து ரோட்டு மாடியில் ஆறு மாதத்தில் தரும் ‘மாண்டிசோரி’ வேறு. அது கெட்டது என்று சொல்ல வரவில்லை. இரண்டும் ஒன்றல்ல என்பது தெரிந்து சேர வேண்டும்.

தனியார் நிறுவனமே அச்சடித்துக் கொடுக்கும் சான்றிதழ் கடைசி வகை. நகரத்தின் தனியார் நர்சரிப் பள்ளிகளில் வேலைக்கு இது பல சமயம் போதும். ஏனென்றால் அங்கே தாளாளர் பார்ப்பது காகிதத்தைவிட டெமோ கிளாஸைத்தான். அரசு வேலை என்று சொல்லி இதை விற்றால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள்.

அங்கன்வாடி வேலைக்கு இந்தச் சான்றிதழ் எதுவுமே கட்டாயமில்லை. அங்கன்வாடிப் பணியாளருக்கு இப்போது கேட்பது பிளஸ் டூ தேர்ச்சியும், அந்த ஊரிலோ பக்கத்திலோ குடியிருப்பதும்தான். பயிற்சி வேலையில் சேர்ந்த பிறகு, ஐ.சி.டி.எஸ். எனப்படும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் துறையே கொடுக்கும். ‘அங்கன்வாடி வேலைக்கு இந்தக் கோர்ஸ் அவசியம்’ என்று யாராவது பணம் கேட்டால் அது பொய். படித்திருந்தால் வேலை செய்யும்போது உதவும், அவ்வளவுதான். 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியபோதுகூட, முதலில் அங்கே அனுப்பப்பட்டவர்கள் உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்கள். மழலையர் கல்வி படித்தவர்களுக்கென்று தனிப் பணியிடம் உருவாகும் என்ற எதிர்பார்ப்பு அன்றிலிருந்து நிற்கிறது.

வகுப்பில் உண்மையில் கற்க வேண்டியது

பாடத்திட்டம் எங்கே போனாலும் ஏறக்குறைய ஒன்றுதான்: குழந்தை வளர்ச்சி, உடல்நலமும் சத்துணவும், கற்பித்தல் முறைகள், பள்ளி நிர்வாகம், செய்முறை. கிண்டர்கார்டன் முறையைத் தொடங்கிய ஃப்ரோபெல், மாண்டிசோரி, நம் நாட்டில் 1920-ல் பாவ்நகரில் பால மந்திர் தொடங்கிய கிஜுபாய் பதேக்கா என்று பெயர்களும் ஆண்டுகளும் மனப்பாடம் ஆகும். தேர்வுக்கு இவை வேண்டும். குழந்தை முன்னால் நிற்கும்போது கைகொடுப்பது வேறு.

முதலில் வருவது கவனிப்பு. பயிற்சி மாணவி ஒரு மூலையில் உட்கார்ந்து ஒரே குழந்தையைப் பத்து நிமிடம் பார்த்து எழுதுவது. எழுதச் சொன்னால் பெரும்பாலானோர் இப்படி எழுதுவார்கள்: ‘குழந்தை அடம்பிடித்தது. பகிர்ந்து விளையாடத் தெரியவில்லை.’ இதில் கண் பார்த்தது எதுவும் இல்லை. தீர்ப்பு மட்டும் இருக்கிறது. எழுத வேண்டியது இப்படி: ‘பக்கத்துப் பையன் லாரி பொம்மையை எடுத்ததும் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். கிடைக்கவில்லை. தரையில் உட்கார்ந்து அழுதாள். ஆயா இன்னொரு லாரி கொடுத்தார், தள்ளிவிட்டாள். அந்தப் பையன் லாரியை வைத்துவிட்டுப் போனதும் எடுத்து, அதில் மூன்று மரக்கட்டை ஏற்றினாள்.’ இப்படி எழுதிப் படித்தால்தான் தெரியும், அந்தப் பெண் கட்டை ஏற்றும் வேலையை முன்பே தொடங்கியிருந்தாள், பாதியில் பறிபோனது என்று. அடுத்த நாள் ஆசிரியை செய்ய வேண்டியது அறிவுரை அல்ல, ஏற்றி முடிக்க இன்னும் பத்து நிமிடம் கொடுப்பது.

ரெக்கார்டு நோட்டில் ஒவ்வொரு கவனிப்புக் குறிப்புக்கும் சிவப்பு மையில் யாராவது திருத்தியிருக்கிறார்களா என்று, சீனியர் மாணவி ஒருவரின் நோட்டை வாங்கிப் பாருங்கள். வெறும் கையெழுத்தும் தேதியும் மட்டும் இருந்தால் அந்த நிறுவனத்தைப் பற்றி மேற்கொண்டு விசாரிக்க ஒன்றுமில்லை.

அடுத்தது, செய்து காட்டுவது. தண்ணீர் ஊற்றும் பயிற்சியையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு தட்டு, மூக்கு வைத்த இரண்டு சிறு ஜக்குகள், ஒரு துணி. முதலில் தண்ணீர் கூடாது; துவரம்பருப்பு போன்ற ஒன்றில் தொடங்கி, கை நிதானமான பிறகு தண்ணீர். ஜக்கில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. நாலு வயதுக்காரியின் மணிக்கட்டு நிறைந்த ஜக்கைத் தாங்காது, சாய்க்கும்போது மொத்தமும் கொட்டும். பயிற்சி மாணவிகள் செய்யும் பெரிய தவறு, ஊற்றிக்கொண்டே பேசுவது. ‘இதோ பாருங்க கண்ணு, மிஸ் மெதுவா ஊத்துறேன், கொட்டாம ஊத்தணும், சரியா?’ இந்தப் பேச்சில் குழந்தையின் கண் மிஸ்ஸின் முகத்துக்குப் போய்விடும், கையை விட்டுவிடும். சத்தமில்லாமல், மெதுவாக, ஒருமுறை செய்து காட்டிவிட்டுத் தட்டைக் குழந்தை பக்கம் நகர்த்த வேண்டும். கொட்டினால் துணியை எடுத்துத் தருவது, திட்டுவதும் இல்லை, ‘பரவாயில்லை’ என்று கொஞ்சுவதும் இல்லை. துடைப்பதும் அந்த வேலையில் ஒரு பகுதிதான்.

பெயர் சொல்லிக் கொடுக்க மூன்று படி முறை ஒன்று உண்டு, 19-ம் நூற்றாண்டின் பிரெஞ்சு மருத்துவர் செகுவான் வழி வந்தது. முதல் படி: ‘இது பெரியது, இது சின்னது.’ இரண்டாம் படி: ‘பெரியதைக் கொடு. சின்னதை என் கையில் வை.’ மூன்றாம் படி: ‘இது என்ன?’ நேரத்தில் பெரும்பகுதி இரண்டாவது படிக்குப் போக வேண்டும். விதவிதமாகக் கேட்டு, எடுத்து வரச் சொல்லி, ஒளித்து வைத்து விளையாட வேண்டும். பயிற்சி மாணவி முதல் படியை முடித்ததும் நேரே மூன்றாவதுக்குத் தாவுவார். குழந்தை வாய் திறக்காது. ‘இவனுக்கு வரலை’ என்று எழுதிவிடுவார். உண்மையில் கேட்பதைப் புரிந்துகொள்ளும் நிலைக்கும் தானாகச் சொல்லும் நிலைக்கும் இடையே நாட்கள் ஆகும், சில குழந்தைக்கு வாரங்கள்.

கருவி செய்வதிலும் இதே கதை. மாண்டிசோரியின் இளஞ்சிவப்புக் கோபுரம் பத்துக் கனசதுரங்கள் கொண்டது, 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை. எல்லாம் ஒரே நிறம், ஒரே வடிவம். அளவு மட்டும் மாறும், குழந்தையின் கவனம் அளவில் மட்டும் இருக்கட்டும் என்று. இதைத் திட மரத்தில் செய்தால் பெரியதன் எடை சின்னதைப்போல் ஆயிரம் மடங்கு. கண்ணுக்குத் தெரியும் வித்தியாசத்தைவிடக் கைக்குத் தெரியும் வித்தியாசம் பெரிது. பயிற்சி மாணவிகள் டி.எல்.எம். (கற்பித்தல் துணைக்கருவி) கண்காட்சிக்காக அட்டைப் பெட்டியில் கலர் பேப்பர் ஒட்டியோ தெர்மாகோலிலோ இதைச் செய்வார்கள். பார்க்க அழகாக இருக்கும். உள்ளே காற்று; எடை கையில் உறைக்காது. கருவியின் பாதிப் பயன் அங்கேயே போய்விட்டது. ஒரு தச்சரிடம் மிச்சமாகும் தேக்கு வெட்டுத் துண்டுகளைக் கேட்டு இழைத்து வாங்கினால் பத்து வருடம் வரும்.

குழந்தை விரலால் தடவிப் பழக உப்புத்தாளில் வெட்டி ஒட்டும் எழுத்துகளுக்கு மரவேலைக்கான 120-ம் நம்பர் தாள் போதும். அதைவிடச் சொரசொரப்பானால் விரல் நுனி எரியும், குழந்தை இரண்டாம் முறை தொடாது. எழுத்தின் கோடு குழந்தையின் ஒரு விரல் அகலத்துக்கு இருக்கட்டும். ஒல்லியாக வெட்டினால் விரல் கோட்டை விட்டு நழுவும்.

எந்த எழுத்தை முதலில் கொடுப்பது என்பதில்தான் பெற்றோருடன் சண்டை. விஜயதசமியன்று அரிசியில் ‘அ’ எழுதியாயிற்று, அதையே நோட்டில் எழுத வையுங்கள் என்பார்கள். ‘அ’ வில் சுழி, வளைவு, படுக்கைக்கோடு, நிமிர்ந்த கோடு எல்லாம் இருக்கிறது. பொதுவாக 3 வயதில் குழந்தை வட்டம் பார்த்து வரையும், 4-ஐ ஒட்டிக் கூட்டல் குறி, அதற்குப் பின் சதுரம், 5 வாக்கில்தான் முக்கோணம். இந்த வரிசையை வைத்துப் பார்த்தால் ‘ட’, ‘ப’ எளிது. இரண்டு மூன்று நேர்கோடுகளில் முடிந்துவிடும். ‘ம’ அடுத்து. ‘ட’, ‘ப’, ‘ம’ தெரிந்தால் ‘படம்’ என்று ஒரு சொல்லும் கிடைத்துவிடும், மெல்லப் புள்ளியும் அறிமுகமாகிவிடும். ‘அ’ வை வாயால் சொல்லட்டும், விரலால் உப்புத்தாளில் தடவட்டும், பென்சிலுக்கு அவசரமில்லை. மூன்று வயதுக் கையில் ஃபோர் லைன் நோட்டைக் கொடுத்து நாலு பக்கம் எழுத வைத்தால் பென்சிலை முஷ்டியில் பிடிக்கப் பழகும். அந்தப் பிடியை ஒன்றாம் வகுப்பில் மாற்றுவது பெரும்பாடு.

அதற்குப் பதில் விரலுக்கு வேலை கொடுக்க வேண்டும். மாவு பிசைவது அதில் மலிவானது: 2 கப் மைதா, 1 கப் பொடியுப்பு, 2 மேசைக்கரண்டி எண்ணெய், முக்கால் கப் தண்ணீரில் தொடங்கித் தேவைக்கேற்ப. உப்பைக் குறைத்தால் சேலம் வெயிலுக்கு இரண்டாம் நாளே புளித்த வாடை வரும். ஏற்காட்டில் அதே உப்பு சிக்கல். மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தை இழுத்து மாவு கையில் ஒட்டும். அங்கே மூடி இறுக்கமான டப்பாவில் வைத்து, எடுக்கும்போதெல்லாம் ஒரு கை மைதா தூவிப் பிசைந்தால் சரியாகும்.

எந்த மொழியில் பேசுவது

சேலத்தின் நெசவாளர் தெருக்களில் வீட்டுக்குள் சௌராஷ்டிரமும் கன்னடமும் தெலுங்கும் பேசும் குடும்பங்கள் ஏராளம். அந்தக் குழந்தைக்குத் தமிழே இரண்டாவது மொழி. அவன் போய் உட்காரும் எல்.கே.ஜி.யில் மிஸ் ஆங்கிலத்தில் பேசுகிறார். ‘மே ஐ கோ டு டாய்லெட்’ என்று சொல்லத் தெரியாமல் டிரவுசரை நனைத்த குழந்தைகளின் கதை எந்த நர்சரியிலும் கிடைக்கும். 2013-ம் ஆண்டின் தேசிய முன்பருவக் கல்விக் கொள்கையே வீட்டுமொழியில் தொடங்கச் சொல்கிறது. பயிற்சியில் இதற்கு வழி கற்றுத் தந்தாக வேண்டும்: அவசரத் தேவைக்கான சொற்களை (தண்ணீர், பாத்ரூம், வலி, பசி, அம்மா எப்போ வரும்) ஒவ்வொரு குழந்தையும் வீட்டில் எப்படிச் சொல்கிறது என்று தாயிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்வது. ஆங்கில ரைம்ஸ் பத்து மனப்பாடம் செய்வதைவிட ஜூன் மாதத்தில் இந்த ஒரு தாள் உதவும். ‘சாய்ந்தாடம்மா சாய்ந்தாடு’, ‘கை வீசம்மா கை வீசு’ தெரியாமல் ‘ஜானி ஜானி’ மட்டும் தெரிந்த பயிற்சி மாணவிகள் இருக்கிறார்கள் என்பது தனி வருத்தம்.

மலைமேல் வேறு கணக்கு

ஏற்காட்டிலும் அதைச் சுற்றிய சேர்வராயன் மலைக் கிராமங்களிலும் உள்ள பெண்கள் இந்தப் படிப்புக்காக இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கித் தினமும் சேலம் வருவது கடினம். அவர்களுக்குத் தொலைநிலைப் பட்டயமும் சொந்த ஊர் அங்கன்வாடியில் செய்முறையும் பொருந்தும். மையத்தில் உட்காரப் பணியாளர் மட்டும் சம்மதித்தால் போதாது. வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். நிறுவனம் தரும் கடிதத்தோடு முன்கூட்டியே விண்ணப்பிப்பது நல்லது.

அங்கே கற்பதற்கு நிறைய உண்டு. இரண்டு வயது முதல் ஐந்து வயது வரை எல்லாரும் ஒரே அறையில். நகரத்து நர்சரியில் பழகியவர்களுக்கு இது குழப்பமாகத் தெரியும். பெரியவன் சின்னவனுக்குச் சட்டைப் பித்தான் போட்டு விடுவதைப் பார்த்தால் கலப்பு வயதின் அருமை புரியும். தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கென்று ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்ற பாடத்திட்டமும் வயது வாரியாகச் செயல்பாட்டுப் புத்தகங்களும் இருக்கின்றன. பணியாளர் அதை எப்படி நடத்துகிறார் என்று பார்ப்பது பாதிப் பயிற்சி. எடை, உயரம் எடுக்கவும், மேல்கையின் நடுச் சுற்றளவை நாடாவால் அளக்கவும் அங்கேதான் கை பழகும். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அந்தச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழ் என்றால் கடும் ஊட்டக்குறைவு, 12.5-க்குக் கீழ் என்றால் மிதமானது. நாடாவை இறுக்கிப் பிடித்தால் நல்ல குழந்தையும் ஊட்டக்குறைவாகத் தெரியும், தொளதொளவென விட்டால் நோஞ்சானும் தப்பிவிடும்.

காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் வருகை குறையும், நவம்பர் தொடங்கி. தாய் எஸ்டேட்டுக்குப் போகும்போது கைக்குழந்தையையும் மூன்று வயதுக்காரியையும் சேர்த்தே கூட்டிப் போய்விடுவாள். 1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்கள் வேலை செய்யும் அல்லது அவர்களின் குழந்தைகள் 20 பேர் இருக்கும் தோட்டத்தில் காப்பகம் வைக்கச் சொன்னது. சிறு தோட்டங்கள் அந்தக் கணக்குக்குள் வரவே இல்லை. ‘ஏன் வரலை’ என்று தாயைக் கடிந்துகொள்வதால் குழந்தை வராது. பறிப்பு முடிந்து திரும்பி வரும் குழந்தையைப் புதிதாகச் சேர்ந்தவள்போல் மெதுவாகச் சேர்த்துக்கொள்ளத் தெரிய வேண்டும்.

விபத்தும் சட்டமும்

கைவினைப் பொருளாகப் புளியங்கொட்டை, கொண்டைக்கடலை, மணி எல்லாம் புத்தகத்தில் வரும். மூன்று வயதுக்குட்பட்டவர்கள் இருக்கும் அறையில் 3 செ.மீ.க்குக் குறைந்த அகலமுள்ள எதுவும் தரையில் கிடக்கக் கூடாது. மூக்கில் விதை போனால் விரலாலோ ஹேர்பின்னாலோ எடுக்கப் போகக் கூடாது. அது உள்ளே தள்ளப்படும். கடலை ஈரத்தில் ஊறிப் பெருக்கும், அதனால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். பாட்டுப் பாடும் பொம்மைகளின் பட்டன் பேட்டரி இன்னும் மோசம். விழுங்கினால் உணவுக்குழாயை இரண்டு மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும். ‘வெளிக்குப் போனால் வந்துவிடும்’ என்று வீட்டில் சொல்வதைக் கேட்டுக் காத்திருக்கக் கூடாது.

அடி கூடாது என்பது 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு. 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தை பாலியல் கொடுமைக்கு உள்ளானது தெரிந்தால் போலீசில் தெரிவிப்பது கட்டாயம். மறைத்தால் மறைத்தவருக்கும் தண்டனை. உதவிக்குக் குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் அழைக்கலாம். ‘பள்ளிப் பேர் கெட்டுவிடும்’ என்று மேலே உள்ளவர் சொன்னாலும் இந்தக் கடமை பயிற்சி மாணவிக்கும் உண்டு. இதை ஒரு வகுப்பாகவாவது நடத்தாத நிறுவனத்தில் சேர வேண்டாம்.

சேருமுன் ஒரு நடை

நிறுவனத்தின் அலுவலகத்தில் உட்கார்ந்து பேசினால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். அவர்கள் செய்முறைக்கு அனுப்பும் பள்ளி எது என்று கேட்டு, ஒரு வேலை நாளில் காலை பத்து மணிக்கு அங்கே போய்ப் பாருங்கள். 2013 கொள்கையின் அளவுப்படி 3 முதல் 6 வயது வரை 20 குழந்தைக்கு ஒரு பெரியவர், 3-க்குக் கீழ் 10 பேருக்கு ஒருவர். 30 குழந்தைக்கு 35 சதுர மீட்டர் அறை, வெளியில் 30 சதுர மீட்டர் இடம். வாடகை வீட்டின் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு ரூமில் பதினொரு குழந்தைதான் கொள்ளும் என்று அர்த்தம். அங்கே முப்பது பேர் உட்கார்ந்திருந்தால், அவர்களைச் சத்தம் போடாமல் உட்கார வைப்பதைத்தான் நீங்கள் கற்றுக்கொண்டு வருவீர்கள்.

பயிற்சி மாணவிகள் அங்கே என்ன செய்கிறார்கள் என்றும் பாருங்கள். ஆயா விடுமுறை எடுத்த நாளில் அவருக்குப் பதில் ஆளாகவும், ஆண்டு விழாவுக்குத் தோரணம் ஒட்டவும் மட்டும் பயன்பட்டால் அது செய்முறை ஆகாது. கழிவறைக்குக் கூட்டிப் போவதும் சோறூட்டுவதும் இந்த வேலையின் பகுதிதான், கௌரவக் குறைச்சல் இல்லை. ஆனால் நாள் முழுக்க அது மட்டும்தான் என்றால் அந்தப் பள்ளிக்குச் சம்பளமில்லாத ஆள் கிடைத்திருக்கிறது என்று பொருள்.

ஆல்பம் செய்து தரவும் ரெக்கார்டு எழுதித் தரவும் ஆள் உண்டு, பணம் கொடுத்தால் போதும். டெமோ கிளாஸில் இது வெளிப்பட்டுவிடும். வழக்கமாக 15 நிமிடம் கொடுப்பார்கள். சார்ட்டைக் காட்டி ‘சொல்லுங்க, ஆப்பிள்’ என்று கூட்டமாகக் கத்த வைத்தால், வாயசைக்கும் ஐந்து குழந்தையை வைத்து வகுப்பு நடந்ததாக ஆகிவிடும். அனுபவமுள்ள தலைமை ஆசிரியை பின்வரிசையில் சும்மா இருக்கும் குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார், அதை நீங்கள் கவனித்தீர்களா என்று.

பணத்தில் மூன்று விஷயம். ஃபீஸ் என்று சொன்னதற்குள் தேர்வுக் கட்டணம், புத்தகம், யூனிஃபார்ம், சான்றிதழ்க் கட்டணம் அடங்குமா என்று எழுதி வாங்குங்கள். கடைசியில் சான்றிதழுக்கு என்று தனியாகக் கேட்பது அதிகம் வரும் புகார். ‘100 சதவீத வேலை’ என்றால் நியமன ஆணையா, நேர்காணலுக்கு அனுப்புவதா என்று கேளுங்கள். வேலை கிடைத்த பிறகு மே மாதச் சம்பளம் உண்டா என்பதையும் சேரும்போதே கேட்டுவிடுவது நல்லது. பல நர்சரிகள் பத்து மாதச் சம்பளக் கணக்கில்தான் ஓடுகின்றன. பயிற்சி நிறுவனமோ பள்ளியோ, பிளஸ் டூ மார்க் ஷீட்டின் அசலை வாங்கி வைத்துக்கொள்கிறோம் என்றால் நகல் மட்டும் கொடுத்துவிட்டு, அசலைச் சரிபார்த்ததும் கையோடு திரும்ப வாங்கி வந்துவிடுங்கள்.